தரங்கம்பாடியில் இறங்காதவள்

ராயபுரத்தில் அந்தச் சந்துக்கே ஒரு டெலிவிஷன்தான். அது ஐரீன் வீட்டில் இருந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் அதில் வந்த ஒரு நாடகம் பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸின் மனசைக் கெடுத்துவிட்டது. கடலோரத்தில் ஒரு பழைய கோட்டைச் சுவர். அதன்மேல் ஒருத்தி நிற்கிறாள். அவிழ்ந்த கூந்தல் காற்றில் புரள, போனவன் வருவானா என்று பார்க்கிறாள். தரங்கம்பாடியில் எடுத்தார்களாம்.

கடலோரத்திலேயே பிறந்தவளுக்குக் கடல் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அவள் பார்த்த கடலில் மீன்கூடையும் கரிப்புகையும் கப்பல் சங்கும்தான் இருந்தன. சும்மா நிற்பதற்கென்று ஒரு கடல் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அவளுக்கும் முழங்காலைத் தொடும் கூந்தல். அடுப்படியில் கொண்டை, கோயிலில் முக்காட்டுக்குள் பின்னல். ஒரே ஒரு தடவை அந்தச் சுவரில் அதை அவிழ்த்துவிட்டு நிற்க வேண்டும்; அதைப் புருஷன் செல்வநாதன் பார்க்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அந்த வருஷமே, கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டும் செல்வநாதனின் காலில் பாரம் சாய்ந்தது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டு, வேளாங்கண்ணி மாதாவுக்குத் தன் முடியை நேர்ந்துகொண்டாள். கால் பிழைத்தது.

நேர்ந்ததற்கு அவள் வருந்தவில்லை. போகிற வழியில்தானே தரங்கம்பாடி? முதலில் அங்கே நிற்பது, பிறகு மாதாவிடம் கொடுப்பது. மனசுக்குள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

வேளாங்கண்ணிக்கு வேன் பேசியவர் செல்வநாதனின் தாய்மாமன் தேசப்பன். முன்சீட்டில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் சொந்தக்காரர்களோடு ஐரீனும் வந்தாள். சீர்காழி தாண்டியதும் ஃப்ளோரன்ஸ் புருஷனை இடித்தாள். அவன் மாமாவைக் கேட்டான். நேர்த்திக்கடனோடு புறப்பட்டவர்கள் மாதா முகம் பார்க்கிறவரை வேடிக்கை பார்க்க எங்கும் இறங்குவதில்லை, தன் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் என்றார் அவர்.

"திரும்பி வர சொல்ல பாத்துக்கலாம்டா. கடல் இன்னா, எழுந்து ஓடியா பூடும்?"

வேனே சிரித்தது. செல்வநாதனும் சிரித்தான். வரும்போது முடி இருக்காதே என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. மாதாவுக்கு நேர்ந்த முடியை வைத்துக்கொண்டு அழகு பார்க்கிறாள் என்பார்கள். விழுங்கிக்கொண்டாள். ஊர்ப்பலகை ஜன்னலைத் தாண்டிப் போனது.

வேளாங்கண்ணியில் கத்தி பட்டபோது அவள் அழவில்லை. செல்வநாதன் சொந்தக் காலில் நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றியபோதுதான் அழுதாள்.

திரும்பும் வழியில் தேசப்பன் சொன்ன சொல் தவறாமல் கோட்டை எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார். ஐரீன் முதல் ஆளாகக் குதித்தாள். எல்லோரும் இறங்கினார்கள், ஃப்ளோரன்ஸைத் தவிர. செல்வநாதன் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

"இன்னா, ஒக்காந்துகினு கீற? நீதானே பேஜாரு பண்ணே."

"நான் வர்ல."

"முக்காடு போட்டுகினு வாயேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஊருக்குத் தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா. நீ பாக்கணும்னுதான்யா கேட்டேன். முடியோட."

அவன் சந்தனம் காய்ந்த அந்தத் தலையைப் பார்த்தான்.

"வூட்ல தெனம் பாத்துகினுதானே இருந்தேன்."

"எங்க பாத்தே?"

ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முடி வளர்ந்ததும் நாம் ரெண்டு பேர் மட்டும் வரலாம் என்றான். முடி வளரும். அதற்குள் வீட்டில் யாராவது காய்ச்சலில் படுப்பார்கள். முதல் ஆளாக மண்டியிட்டு மறுபடி முடியை நேர்ந்துகொள்ளப் போகிறவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

இறங்கியவர்கள் திரும்பினார்கள். நம்ம காசிமேடு மாதிரிதான் கீது, நாத்தம்கூட அதேதான் என்றாள் ஐரீன். வண்டி புறப்பட்டது. மொட்டைத் தலையில் கடல்காற்று சில்லென்று அடித்தது. ஃப்ளோரன்ஸ் ஜன்னல் கண்ணாடியை மூட வேகமாகத் தள்ளினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது.