ரஹ்மத் அக்கா விட்டுவைத்த இடம்

திருத்தங்கலில் இருக்கும் எங்கள் பேட்டரிக் கம்பெனியின் சோதனை அறைக்குள் போகிறவர்கள் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும். செல்போனை வெளியே மரப்பெட்டியில் போட வேண்டும். இரண்டும் ரஹ்மத் அக்கா பட்டாசு ஆலையிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அவர் இறந்த செய்தியும் அந்தப் பெட்டிக்குள்தான் வந்து கிடந்தது. நான் வெளியே வந்து போனை எடுத்தபோது அவருடைய கணவர் பலமுறை கூப்பிட்டிருந்தார். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்றார். மறுநாள் எங்கள் பேட்டரிக்கு ஆணிச் சோதனை: ஒரு செல்லில் ஆணியை இறக்கித் தீப் பரவுகிறதா என்று பார்ப்பார்கள்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் சண்டை தெரியும். அவர் வேதியியல் படித்து, வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் பாதுகாப்பைக் கவனித்துவிட்டு, இங்கே பேட்டரிப் பெட்டியை வடிவமைக்க வந்தவர். நான் பேட்டரியே படித்தவன். சீனாவும் ஜப்பானும் கொரியாவும் திடநிலை பேட்டரியை யார் முதலில் சாலைக்குக் கொண்டுவருவது என்று ஓடுகின்றன. நாமோ லோடு ஆட்டோவுக்குச் சோடியம் செல் பொருத்திக்கொண்டு, அதிலும் பெட்டிக்குள் இடத்தை வீணாக்குகிறோம் என்று கத்துவேன்.

அது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். பட்டாசு ஆலையில் மருந்து அறைகளை ஒட்டிக் கட்டமாட்டார்கள். நடுவில் வெட்டவெளி இருக்கும். ஓர் அறை தீப்பிடித்தாலும் அடுத்தது பிழைக்கும். அக்கா செல்களையும் அப்படிச் சிறு கூட்டங்களாகப் பிரித்து இடைவெளி விட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புகை போகத் தனி வழி. அங்கே இன்னொரு வரிசை வைத்தால் கூடுதல் தூரம் ஓடுமே என்றேன்.

“அவசரக்குடுக்கை, ஜப்பான்காரன் எம்புட்டுத் தூரமும் ஓடட்டும்லே. ஆமத்தூர்ல வீட்டை ஒட்டி வண்டிக்குச் சார்ஜ் போட்டுட்டுத் தூங்குறாகளே, அவுக காலையில எந்திரிக்கணும்.”

ஆட்டோக் கம்பெனி அதிகாரி முதல்முறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பாதி காற்றாக இருக்கிறதே, காற்றையும் விற்கிறீர்களா என்று கேட்டார். “ஆமா சார். ஆனா அதுக்கு மட்டும் காசு வாங்கல” என்றார் அக்கா. அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகத் தூரம் ஓடும் இறக்குமதிப் பேட்டரி அவர் கையில் இருந்தது. ஆணிச் சோதனையில் எங்களுடையது பற்றிக்கொண்டால் அவருடைய ஆர்டர் கைவிட்டுப் போகும். ஆர்டர் போனால் கம்பெனியை மூடவேண்டியதுதான்.

அடக்கம் முடிந்ததும் சோதனையைத் தள்ளி வைக்கலாமா என்று அக்காவின் கணவரிடம் கேட்டேன். “வைக்காதீக தம்பி. அவ இருந்தா உங்களத்தான் ஏசுவா” என்றார்.

மறுநாள் ஒரு செல்லில் ஆணி இறங்கியது. வெள்ளைப் புகை அதற்கென்று விட்ட வழியில் போனது. பக்கத்துக் கூட்டத்தின் சூடு கொஞ்சம் ஏறியது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏறியது நின்றது, பிறகு இறங்கியது. தீ இல்லை. எல்லாம் ஆறிய பிறகு அந்த அதிகாரி பக்கத்துச் செல்களைத் தொட்டுப் பார்த்தார். அக்கா எங்கே என்று கேட்டார். சொன்னோம். “அவங்க விட்ட காத்து அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஆர்டரை உறுதிசெய்தார்.

இப்போதும் சொல்கிறேன்: எங்கள் பேட்டரி ஓடும் தூரம் போதாது. அதைக் கூட்டாமல் விடமாட்டேன். செல்லுக்குள் வைக்கும் சீமைக் கருவேலங்கரியில் சோடியத்தை இன்னும் அதிகமாகப் பிடித்துவைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் முடிவுகள் நன்றாகவே இருக்கின்றன. தூரத்தைச் செல்லுக்குள்ளேதான் தேடுவேன். அக்கா விட்ட இடத்தில் கை வைக்கமாட்டேன்.