நான் குறித்த ‘இல்லை’

தொண்ணூறுகளில் மைசூரில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காகத் தமிழ்க் குடும்பங்களிடம் கேள்வி கேட்டு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. மனநோயாளிகளை வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஆட்களோடு பேசக் கிடைத்தால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். படிப்புக் குறைவானாலும் அதற்காகவே என்னை எடுத்தார்கள். கவனித்துக்கொள்பவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது ஒன்றே கண்டிப்பு.

மைசூர் ஹெப்பாளில், கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று. செல்வியின் கணவருக்கு மனநோய்; அவரைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவள் மாமியார் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவரையே எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ராத்திரி தூக்கம் வருதா, செல்வி?”

“அவளுக்கென்னங்க, படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது” என்று மாமியார் சிரித்தார். செல்வியும் சிரித்தாள். நானும் சிரித்தபடி, சிரமம் எதுவும் ‘இல்லை’ என்று தாளில் குறித்தேன்.

வாசல்வரை வந்தவள், “மறுபடி எப்பங்கக்கா வருவீங்க?” என்றாள்.

“ஆறு மாசம் ஆகும்மா.”

“அத்தனை நாளாகுங்களா?” என்று கேட்டு அப்படியே நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நான் நடந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது, கணவருக்குப் பக்கத்தில் செல்வியும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“இப்ப ரெண்டு பேரையும் நான்தானுங்க பார்க்கறேன். எழுதிக்குங்க” என்றார் மாமியார்.

எழுதிக்கொண்டேன். முதல் தடவை குறித்த தாளைத் திருத்த முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் யாராவது வாசலில் தயங்கி நின்றால் நானும் நின்றுவிடுகிறேன். அதனால் செல்விக்கு என்ன?