எதற்கும் ஆமாங்க

ஆட்சி மாறிய புதிது. கூலித் தகராறு முற்றி, ஒரு பண்ணையாரின் வைக்கோல் போர் எரிந்துபோன வழக்கு. கூண்டில் நின்றவர் நாங்கள் வாதாட வந்த கட்சிக்காரர், நீடாமங்கலம் பக்கத்து விவசாயக் கூலி. நான் ஜூனியர் வக்கீல். சீனியர் அன்று வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் கேக்கறது புரியுதா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க."

"போருக்கு நீதான் தீ வெச்சியா?"

"ஆமாங்க."

அரசு வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதருக்குப் புத்தி பேதலித்து ஒரு வருஷமாகிறது. பண்ணை வேலையில் நாக்கில் படிந்த அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம். அனுமதி கேட்டு எழுந்தேன்.

"தீ வெச்சது நான்தானே?"

"ஆமாங்க."

"ஜட்ஜ் ஐயாவும் கூட நின்னாங்கல்ல?"

"ஆமாங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. விசாரணையை நிறுத்தி, அவரை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.

ஜெயித்த மிதப்பில் வராந்தாவுக்கு வந்தேன். அவர் மனைவி ஓடிவந்து நின்றார்.

"குணமாயிட்டா வீட்டுக்கு விட்டுடுவாங்களாங்க?"

குணமானால் வழக்கு மறுபடியும் தொடங்கும். அது எனக்குத் தெரியும்.

"ஆமாங்க" என்றேன்.