பலூன் விழுந்த காணி

12.01.2023: படத்தின் பிரதி, 18 பவுண்.
20.01.2023: பூதக்கண்ணாடி, 1,450 ரூபா.
04.03.2023: வேலிக்குக் கதியால் தடி, கிடுகு ஓலை, கூலி, 41,600 ரூபா. இரு வீட்டாரும் பாதிக்குப் பாதி.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற இளையதம்பிக்கும் பக்கத்துக் காணிக் கனகலிங்கத்துக்கும் நடுவேலியில் ஒரு பலாமரம். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கதியால்கள் அங்குமிங்கும் நகர்ந்து, மரம் யாருடைய பக்கம் என்பதே தெரியாமற் போய்விட்டது. அது தன்னுடையது என்று நிலைநாட்டாமல் கண்மூடுவதில்லை என்று எழுபத்துநாலு வயதில் இளையதம்பி வைராக்கியமாக இருந்தார்.

அப்போதுதான் லண்டனிலிருக்கும் மகள் சுபாஜினி, அங்கே பழம்பொருட்கள் வைத்திருக்கும் ஒரு சிறிய நூதனசாலையில் கண்ட பழைய படத்தின் பிரதியை அனுப்பினாள். காற்றுப் போன பெரிய பலூன் ஒன்று தோட்டத்தில் சரிந்து கிடக்கிறது. கூடைக்குள் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரை. கயிற்றைப் பிடித்தபடி ஒரு மீசைக்காரர். பின்பக்கத்தில் பென்சிலால் ‘யாழ்ப்பாணம், 1905’ என்றிருந்தது. இளையதம்பி பலூனைப் பார்க்கவில்லை. அதன் அடியில் போய் மறைகிற வேலியைப் பார்த்தார்.

“இது எங்கடை வேலியப்பா! பலூன் எங்கடை காணியிலை விழுந்திருக்கு.”

மனைவி மகாதேவி நம்பவில்லை. “இவ்வளவு பெரிய சாமான் விழுந்ததை ஒருத்தரும் கதைக்கேல்லையே?”

“கனகலிங்கத்தின்ரை ஆக்கள் பொறாமையிலை மறைச்சுப்போட்டாங்கள்.”

பதினொரு வருடம் பேசாதிருந்த கனகலிங்கத்திடம் படத்தை வேலிக்கு மேலால் நீட்டினார். அவர் பூதக்கண்ணாடியையும் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“அண்ணை, கயிறு பிடிக்கிறவர் ஆர் தெரியுமோ? என்ரை அப்புவின்ரை அப்பு. மீசையைப் பாருங்கோ.”

“அவருக்கு எங்கடை காணிக்குள்ளை என்ன வேலை?”

“அவர் தன்ரை காணியிலைதான் நிக்கிறார். பலூன் கிடக்கிற இடந்தான் உங்கடை.”

அந்தச் சொல் இளையதம்பிக்குப் போதும். துரையின் உயரம் ஆறடி என்று வைத்து இருவரும் படத்தில் பலூனை அளந்தார்கள். பலூன் கிடந்த இடம் இளையதம்பிக்கு, கயிற்றுக்காரர் நின்ற இடம் கனகலிங்கத்துக்கு என்று புதுவேலி வளைந்து போனது. பலாமரம் பலூனுக்குள் வந்தது. இளையதம்பியின் கோழிக்கூடு கயிற்றுக்காரரின் காலடியில் அகப்பட்டது. கோழிகளை அவர் சந்தோஷமாகவே இடம் மாற்றினார். “வேலி ஏன் பிள்ளைத்தாச்சி மாதிரி நிக்குது?” என்று ஊர் கேட்டது.

ஆறு மாதம் கழித்து நூதனசாலை சுபாஜினி வழியாக எழுதியது. தவறுக்கு வருந்துகிறோம்; பென்சில் குறிப்பு வேறொரு படத்துக்குரியது; பலூன் விழுந்தது பிரான்சில்; கயிற்றைப் பிடித்திருப்பவர் அவ்வூர்ப் பேக்கரியில் பாண் போடுகிறவர்.

இளையதம்பி மரம் போச்சு என்றே நினைத்தார். ஆனாலும் கடிதத்தைக் கொண்டுபோய் வேலியடியில் வாசித்தார்.

கனகலிங்கத்துக்குக் கோபம் வந்தது. “என்ரை அப்புவின்ரை அப்பு பாண் போட்டவரோ? வேலி அடைச்சாச்சு, அண்ணை. நூதனசாலை ஆக்களைப் படத்தைத் திருத்தச் சொல்லி எழுதுங்கோ.”

தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி நின்று புதுவேலியைப் படமெடுத்தார்கள். ‘பலூன் கிடந்த வளைவு இன்றும் எங்கள் காணியில் அப்படியே இருக்கிறது’ என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டு அனுப்பினார்கள்.

மறுக்கமுடியாத ஆதாரத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. படத்தின் கீழ் மறுபடியும் யாழ்ப்பாணம் என்று போட்டு, நீர்வேலியையும் சேர்த்து, கயிற்றுக்காரருடைய பெயரைக் கேட்டிருந்தார்கள். அந்தக் கடைசிக் கடிதம் வந்த திகதி 06.11.2023.