திருடு போகாத கல்லுக்கு ஒரு பிராது

தங்கதுரையின் வாழ்க்கை வரலாற்றை முறையாக எழுதப் புகுந்தால், பிறந்தது, படிக்காமல் விட்டது, கல்யாணம் ஆனது எல்லாவற்றையும் தாண்டி, முதல் கரண்டி களவு போன நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் சாதாரணப் புரோட்டா மாஸ்டர். அதற்குப் பின்னால் அவர் ஒரே ஆள் கொண்ட ஒரு காவல்துறை. சீருடை, கட்டம் போட்ட கைலி.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் சாலையோரத்தில் அவர் கடை. கடை என்றால் நாலு மூங்கில், மேலே தகரம், கீழே செங்கல் அடுப்பு. கதவு கிடையாது, ஏனென்றால் சுவர் கிடையாது. சாயங்காலம் ஷிப்டு விட்டு, புருவம் வரைக்கும் வெள்ளைக் களிமண் படிந்து வருகிற சனங்கள் அங்கேதான் நின்று சாப்பிடுவார்கள்.

2007-ஆம் வருஷம் பழைய இரும்பு விலை ஏறிப்போனது. ஊரில் எது அசையாமல் இருந்தாலும் அதை ஒருவன் தூக்கிப் பார்த்தான். தங்கதுரையிடம் முதலில் கரண்டி போனது. பிறகு புரோட்டா திருப்புகிற தகடு. பிறகு சால்னா அண்டாவின் மூடி, அடுத்த வாரம் மூடியைத் தேடிக்கொண்டு போனதுபோல அண்டா. மிச்சம் இருந்தது இரும்புப் புரோட்டாக்கல் ஒன்றுதான்.

அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அரைக் கட்டில் அகலம், பெருவிரல் தடிமன், ஓரத்தில் விபூதிப் பட்டை இழுத்ததுபோல மூன்று கீறல். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுப்புக் கண்ணாடியாகிவிட்ட கல். அது போய்விட்டால் புதுக் கல் வாங்கிப் பழக்கி எடுப்பதற்குள் வாடிக்கை முழுவதும் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போய் இட்லிக்குப் பழகிவிடும். தங்கதுரைக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் கல் போனால் மாஸ்டரும் போன மாதிரிதான். பல வருஷத்துக்கு முன்னால் சாமிக்கண்ணுவின் காயலான் கடையில் அதை வாங்கினார். அது எங்கிருந்து வந்தது என்று இவர் கேட்கவில்லை, சாமிக்கண்ணுவும் சொல்லவில்லை. காயலான் கடையில் பொருளின் பூர்வீகத்தை விசாரிப்பது மரியாதைக் குறைவு.

கல்லைக் காப்பாற்ற அவர் எடுத்த நடவடிக்கைகள் ஒரு சர்க்காருக்கே போதும். சங்கிலி வாங்கிப் பூட்டினார். மறுநாள் சங்கிலியும் பூட்டும் போயிருந்தன, கல் இருந்தது. சங்கிலி எடை குறைவு, சுமக்கச் சுலபம். நாய் வளர்த்தார். எலும்பு போடுகிறவர்களை எல்லாம் முதலாளியாக ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அதற்கு இருந்தது. எடுத்தால் கை பொசுங்கட்டும் என்று அடுப்பை அணைக்காமலே வீட்டுக்குப் போனார். காலையில் கல் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து அவர் கைதான் பொசுங்கியது.

"என்னை எவனாச்சும் தூக்கிக்கிட்டுப் போனாக்கூட, கல்லு பத்திரமா இருக்குதான்னுதான் இந்த மனுசன் மொதல்ல பாப்பாரு" என்றாள் அவர் மனைவி கொளஞ்சியம்மாள். பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலை அவளுக்கு. ஆளின் பார்வை எங்கே போகிறது என்பது அவளுக்குத் தொழில் முறையாகத் தெரியும்.

"உன்னைத் தூக்க ரெண்டு ஆளு வேணும். கல்லுக்கும் ரெண்டு ஆளு வேணும். ஆனா உன்னைக் காயலான் கடையில எடுக்க மாட்டான்" என்றார் தங்கதுரை. அன்று அவருக்கு வீட்டில் சோறு கிடைக்கவில்லை.

கடைசியில் அவர் மேலிடத்துக்குப் போனார். பக்கத்து மணவாளநல்லூரில் கோயில் கொண்டிருக்கும் கொளஞ்சியப்பர் இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு மேல்முறையீடு இல்லாத கோர்ட்டு. குறையை ஒரு தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, அங்கேயே முனியப்பர் சன்னதி எதிரே இருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

எழுதிக் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "என்னா காணாமப் போச்சு?"

"புரோட்டாக்கல்லுங்க."

"எப்ப போச்சு?"

"இன்னும் போவலிங்க."

அவர் பேனாவை மூடினார். "போவாத பொருளுக்கு என்னாய்யா பிராது?"

"போன பொறவு கட்டினா சாமிக்குத் தேடுற வேலைங்க. முன்னாடியே கட்டிட்டா பாத்துக்கிட்டா மட்டும் போதும். சாமிக்கு அலைச்சல் இல்ல பாருங்க."

எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். தங்கதுரை சொல்லச் சொல்ல எழுதப்பட்டது: விருத்தாசலத்தில் இருப்பதும், ஓரத்தில் மூன்று கீறல் உள்ளதுமான கல்லை இடம் விட்டு எடுக்கிறவர் யாராக இருந்தாலும் கை விளங்காமல் போகவும். அடையாளம் சொல்லாவிட்டால் சாமி வேறொருவன் கல்லுக்குக் காவல் நின்றுவிடும் என்ற பயத்தில் கீறலை இரண்டு முறை சொன்னார்.

காவல் இருப்பது திருடனுக்குத் தெரியாவிட்டால் காவலுக்கு என்ன அர்த்தம்? வந்த சனத்துக்கெல்லாம் புரோட்டாவோடு பிராதையும் பரிமாறினார். ஆட்டோ ஓட்டுகிற ஜெயராஜ் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் மதம் பார்க்காமல் தன் வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். கல்லை ஒருவரும் தொடவில்லை. நாய்கூடச் சுற்றிக்கொண்டு போனது. மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதி ஐப்பசி மழை வரைக்கும் நீடித்தது. மழைத் தண்ணீரில் அடுப்புச் செங்கல் சரிய, தங்கதுரை கல்லைத் தனியாகவே தூக்கிப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் வலது முழங்கை மடங்கவில்லை. டீ கிளாஸைத் தூக்க முடியவில்லை.

ஜெயராஜ் வந்து கையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். "மாஸ்டரே, பிராதுல உங்க பேரைத் தள்ளி எழுதச் சொன்னீங்களா?"

"என் கல்லை நான் தூக்கறதுக்கு எனக்கு எதுக்குய்யா விதிவிலக்கு?"

"அதத்தான் கேக்கறேன். அது உங்க கல்லுதானே?"

தங்கதுரைக்குக் காயலான் கடை ஞாபகம் வந்தது. ஜெயராஜுக்கு அடுத்த சவாரி ஞாபகம் வந்தது. திருடனைப் பிடிக்கக் கட்டிய பிராது கட்டினவனையே பிடித்துவிட்டது என்ற சேதி அன்றைக்கே பஸ் ஏறியது.

அது நம்ம மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் வரைக்கும் போய், ராஜமாணிக்கம் என்கிற இன்னொரு புரோட்டா மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு திரும்பியது. வந்தவர் ஒன்றும் சாப்பிடவில்லை. குனிந்து கல்லின் ஓரத்தைத் தடவினார்.

"மூணு கீறலு. லாரியிலேர்ந்து எறக்கறப்ப விழுந்தது. என் கல்லு காணாமப் போயி வருசக்கணக்காவுது. நானும் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருக்கேன். இன்னும் வாபஸ் வாங்கல."

தங்கதுரை காயலான் கடைக்கு ஆள் அனுப்பினார். சாமிக்கண்ணு வந்து நின்று, தனக்குக் கண் பார்வை மங்கிவிட்டது என்றார். கீறல் தெரியவில்லையா என்று கேட்டதற்கு, கல்லே தெரியவில்லை என்றார்.

"அப்ப நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார் ராஜமாணிக்கம்.

"தாராளமா எடுங்க. என் பிராதும் கட்டினபடிதான் இருக்குது" என்று தங்கதுரை மடங்காத கையைக் காட்டினார். ராஜமாணிக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இப்படியாக அந்தக் கல்லுக்கு உலகத்திலேயே பலமான காவல் கிடைத்தது. திருடன் தொட முடியாது. பழைய சொந்தக்காரர் தொட முடியாது. புதுச் சொந்தக்காரர் தொட்ட கதை ஊருக்கே தெரியும். கல் செங்கல் பக்கத்தில் மழையில் கிடந்து துருப்பிடிக்க ஆரம்பித்தது. ஷிப்டு விட்டவர்கள் எதிர்ப்பக்கம் இட்லி சாப்பிட்டார்கள். மங்களூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த ராஜமாணிக்கம் கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தங்கதுரை இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"நீங்க மொதல்ல வாபஸ் வாங்குங்க."

"ஏன், நீங்க மொதல்ல வாங்குங்களேன்."

வேலைக்குப் போகும் வழியில் கொளஞ்சியம்மாள் நின்று பார்த்தாள். "ஏங்க, ரெண்டு பேரும் ஒண்ணா போயி ஒரே நேரத்துல வாபஸ் வாங்கிட்டு வாங்க. அப்பறம் வந்து அடிச்சிக்குங்க. அதுவரைக்கும் நான் கல்லுக்குக் காவலு இருப்பேன்னு மட்டும் நெனைக்காதீங்க, எனக்கு ஷிப்டு இருக்குது."

இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஜெயராஜின் ஆட்டோ வந்தது. ஏறுவதற்கு முன்னால் தங்கதுரை, எல்லாம் நியாயமாக நடக்கிறது என்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, சாலையில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னார்: "வாபஸ் வாங்கப் போறோம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

கோயிலில் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இரண்டு பிராதுகளும் அருகருகே நின்று வாபஸ் வாங்கப்பட்டன. வெளியே வந்தபோது தங்கதுரையின் முழங்கை லேசாக மடங்கியதுபோல இருந்தது. ராஜமாணிக்கம்கூட, கல்லை ஆளுக்கு ஆறு மாசம் வைத்துக்கொள்ளலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். தங்கதுரை யோசிக்கலாம் என்றார். ஜெயராஜ் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டபடி வண்டியை ஓட்டினார்.

கடைக்கு முன்னால் ஆட்டோ நின்றது. நாலு மூங்கில் இருந்தது. தகரம் இருந்தது. செங்கல் இருந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு புது எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. கல் கிடந்த இடத்தில் மட்டும் தரை சதுரமாக, காய்ந்து, வெளுப்பாகத் தெரிந்தது.

ஜெயராஜ் இன்ஜினை அணைக்காமல் கேட்டார்: "திருப்பட்டுமா? மணவாளநல்லூருக்கு?"

"திருப்பு" என்று ஏறினார் தங்கதுரை. "என் கல்லு காணோம்னு எழுதணும்."

"ஒங்க கல்லா?" ராஜமாணிக்கம் ஒரு காலை வண்டிக்குள் வைத்தபடியே நின்றார். "காணாமப் போனது என் கல்லு. என் பேருலதான் எழுதணும்."

"என் கடையிலேர்ந்துதானே போச்சு?"

"மொதல்ல என் கடையிலேர்ந்து போச்சு."

ஜெயராஜ் இன்ஜினை அணைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் இட்லி சாப்பிடப் போனார்.