சுண்ணாம்பு அடித்த விரிசல்

ஊரின் தாங்குசுவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர் அம்மாவுக்கு அலுவலகத்தில் பாசியக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பல்லவி பாடினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"பாசி சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கலைங்க. ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்குது. அதுல தூசி தங்கும், தூசியில விதை விழும், அப்புறம் வேர் உள்ள போய்ப் பருத்துக் கல்லையே பிளக்கும்."

கரடியாய்க் கத்துவாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பஸ் ஓட்டுகிற கணவர் வீட்டில் இன்னும் ஒரு படி மேல். "உன்கிட்ட மாட்டிக்கிட்ட பாசிதான்டி பாவம்" என்பார்.

இப்போதைய தலைவலி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர். அதை ஒட்டினாற்போல் மூன்றாம் வகுப்பு. சுவரில் இடுப்புயரத்திலிருந்து கோணல்மாணலாக ஒரு பச்சைக் கோடு ஏறியது. அங்கே மட்டும் பாசி மெத்தையாக வளர்ந்திருந்தால் உள்ளே விரிசல், அதன் வழியே நீர் கசிகிறது என்று அர்த்தம். நடுவே விரல் தடிமனில் அத்திக்கன்று வேறு. மழைக்கு மூன்றே வாரம். வகுப்பை மாற்றச் சொல்லி நான்கு கடிதம் எழுதிப் பார்த்தாள். ஐந்தாவதுக்குத்தான் இன்ஜினியர் நேரில் வர மனசு வைத்தார்.

பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் மேஸ்திரிக்குக் கை பரபரத்துவிட்டது. முதல் நாளே ஆட்களோடு போய்ப் பாசியைச் சுரண்டி, கன்றை ஒட்ட வெட்டி, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டார்.

காலையில் வந்து பார்த்தவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, அவரு பார்க்க வர்றதே அதைத்தானே!"

"அசிங்கமா இருந்துச்சேக்கா" என்றார் மேஸ்திரி, பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு.

இன்ஜினியர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "பளிச்சுன்னு இருக்கே. விரிசல் எங்கம்மா?"

இவர்களிடம் இனி வாயால் பேசிப் பயனில்லை. பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்து ரப்பர் குழாயைச் சுவருக்குப் பின்னால் மேட்டுக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தலைமை ஆசிரியையும் வந்து நின்றார். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

பிறகு வெள்ளைச் சுவரில் ஒரு செம்மண் சொட்டு எட்டிப் பார்த்தது. அதன் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோணல்மாணலான கோடு முழுசாக வந்துவிட்டது. கன்றை வெட்டிய இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, தடித்த வேர் தெரிந்தது. அதைச் சுற்றிலும் சேறு வழிந்தது.

இன்ஜினியர் மேஸ்திரியிடம் திரும்பினார். "இன்னொரு கோட் சுண்ணாம்பு அடிச்சா நின்னுடும்ல?"

"ஐயோ சார்!" என்று அவள் கத்தியே விட்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்கள். தலைமை ஆசிரியை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய் மூன்றாம் வகுப்பின் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

"யாரும் உள்ள போகக் கூடாது. இனிமே மாடி ஹால்லதான் வகுப்பு."

"ஏன் மிஸ்?" என்றாள் முன்னால் நின்ற குட்டி.

தலைமை ஆசிரியை ஓவர்சியர் அம்மாவைக் காட்டினார். "இந்த அம்மா சொல்லிட்டாங்க."