அண்டாவில் ஊறிய சிமிட்டி

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். கல்யாணமாகி அரியலூருக்கு வந்திருந்தேன். எனக்கு ஏழாம் மாசம். கொல்லையில் குளிக்கிற இடம் வெறும் மண்தரை, தண்ணீர் பட்டால் சேறு. ஒரு நாள் கால் வழுக்கி, ஓலைத் தட்டியைப் பிடித்துத் தப்பினேன். அன்றிலிருந்து நான் குளித்து முடிக்கிறவரை என் வீட்டுக்காரர் தட்டிக்கு வெளியே நின்று, "புடிச்சிக்கிட்டியா? மெதுவா" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அவர் வேலை பார்த்த ஜவுளிக்கடை முதலாளிக்கு அந்த நேரம் பார்த்துக் கிறுக்குப் பிடித்தது. திருச்சிக்குப் போய்விட்டு வந்தவர், அங்கே இருக்கிற மாதிரி வளைந்த முகப்பு வேண்டும், அதுவும் சிமிட்டியில், அதான் சிமெண்டில், வேண்டும் என்று நின்றார். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய முகப்பில் ஒரு விரிசல் கிடையாது. கடப்பாரைக்கே மசியவில்லையாம். "பழசு, தூக்கிப் போடு!" அவர் வாயில் எப்போதும் அதுதான். நல்ல செங்கல், தேக்குச் சட்டம் எல்லாம் ஏரிக்கரையில் குப்பையாகக் கிடந்தன. எங்கள் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு வாசற்கதவு மூன்று வீடு மாறி வரும். பார்த்துவிட்டு வந்து, "அந்த மனுசன் கையில காசு குடுத்தவன் யாரு?" என்று திட்டித் தீர்த்தேன்.

என் வீட்டுக்காரர் திட்டவில்லை. அந்தச் செங்கல்லைக் கேட்டு வாங்கிச் சுமந்து வந்தார். வேலை முடிந்து மிஞ்சிய சிமிட்டியையும் கிழிந்த சாக்கில் கொண்டுவந்து, "குளிக்கிற எடத்துக்குத் தரை போட்டுரலாம் புள்ள" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பாவம், அவர் திருமானூர்க்காரர். சுண்ணாம்பில் கட்டிய வீட்டில் பிறந்தவர். சுண்ணாம்பைக் குழியில் போட்டு நாள்கணக்கில் ஊறவைத்தால்தான் பலம். சிமிட்டியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம், வீட்டிலேயே பெரிய பாத்திரத்தைத் தேடி எடுத்து, அதில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, சாக்கைப் போட்டு மூடியும் வைத்துவிட்டார்.

அது என் அம்மா சீராகத் தந்த பித்தளை அண்டா. தன் காதுக் கம்மலைக் கழற்றிப் போட்டு வாங்கியது. கழுத்தில் என் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

மறுநாள் சாக்கை எடுத்தால் கல்! கம்பால் தட்டினார், கம்புதான் முறிந்தது. "ஐயோ, உங்களுக்குப் புத்தி இருக்கா? வெள்ளிக்கெழம வளைகாப்புக்கு எங்கம்மா வருது. அது கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று அழுதேன். அவர் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். முதலாளி சிரித்து, "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குடா" என்றாராம். அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை.

பிறகு கொல்லையில் குழி தோண்டி, அண்டாவைக் கழுத்துவரை புதைத்தார். சுற்றிலும் அந்தச் செங்கல்லைச் சுண்ணாம்பு போட்டுப் பதித்தார். நடுவில் பித்தளை விளிம்போடு வட்டமான கல். உட்கார்ந்து குளிக்கலாம்.

அம்மா வந்தாள். எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேச மாட்டாள். எதுவானாலும் கதவைப் பார்த்துத்தான் சொல்லுவாள். கால் கழுவக் கொல்லைக்குப் போனவள் குனிந்து பார்த்தாள். என் பேர் மேல் விரலை வைத்துத் தடவினாள். நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அவர் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

அம்மா என்னை அந்தக் கல்மேல் உட்காரவைத்தாள். செங்கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.

"மாப்ள, இங்க வாங்க."

கதவிடம் இல்லை, அவரிடமே. தலையைத் தொங்கப்போட்டு வந்து நின்றார்.

"தண்ணி வெக்கத்தான் குடுத்தேன். எம்புள்ள வழுக்கி வுழாம இருக்க நீங்க பதிச்சிட்டீங்க. எங் கம்மலுக்கு அது போதுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டிக்கு வெளியே போய்விட்டார். அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

"புடிச்சிக்கிட்டியா? மெதுவா" என்றது வெளியிலிருந்து பழக்கமான குரல்.

"நான் புடிச்சிருக்கேன், நீங்க போயிச் சாப்புடுங்க மாப்ள" என்றாள் அம்மா.